பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

(ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மாலைக் கூட்டமொன்றில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



மேல்நாட்டுப் பழைய பாட்டுக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்களைக் கேட்டீர்கள். "நமக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. தலை நரைத்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்புக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உங்களில் உண்டு. ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கிராமபோனில் ஜிம் ரீவ்ஸையும் எல்விஸ் பிரெஸ்லியையும் கேட்டுப் பழகியவர்களும் உண்டு. அந்தப் பெயர்களைச் சொன்னதுமே உங்கள் முகங்கள் மலர்வதைப் பார்க்கிறோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உங்கள் வயதினர் கோடிக்கணக்கானோர் இதே பாட்டுக்களை இன்றைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ராகத்தையும் தாளத்தையும் ஆராய நாம் இங்கே கூடவில்லை. அதற்கு வித்வான்கள் இருக்கிறார்கள். நாம் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. இந்தப் பாட்டுக்களை உண்டாக்கியது யார்? அதன் பலனை அனுபவித்தது யார்?

நிலத்தைப் பற்றி நாம் எப்போதும் கேட்கிற கேள்விதான் இது. உழுதவன் ஒருவன், பட்டா வேறொருவன் பெயரில். பாட்டு விஷயத்திலும் அப்படி நடந்திருக்கிறது. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கப் போகிறோம்.

பணக்காரர் பாட்டா?

மேல்நாட்டுப் பாட்டு என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டபாட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது சரியல்ல. அந்தப் பாட்டு பிறந்த இடங்களைப் பாருங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு மக்களின் குடிசைகளில் அதன் வேர் இருக்கிறது. பிரிட்டனில் அது லிவர்பூல் துறைமுகத்திலும் பர்மிங்ஹாம் உலோக ஆலைகளிலும் வளர்ந்தது.

ஒரு உதாரணம் சொல்லுகிறோம். பர்மிங்ஹாமில் டோனி அயோமி என்று ஒரு இளைஞர். தகடு வெட்டும் ஆலையில் வேலை. கிதார் வாசிப்பில் பிரியம். 1965இல், 17 வயதில், அந்த ஆலையில் அவருடைய கடைசி நாள் வேலையன்று இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை வலது கைதான். இனிமேல் வாசிக்கவே முடியாது என்றார்கள். ஆலையில் மேற்பார்வை செய்தவர் அவருக்கு ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் கை ஊனமாகி, இரண்டே விரல்களால் தந்தியை அழுத்தி வாசித்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் தட்டு அது. அயோமிக்குத் தைரியம் வந்தது. பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். வலி தெரியாமலிருக்க மெல்லிய தந்தியைப் போட்டார். பின்னால் சுருதியையும் தளர்த்திக்கொண்டார். 'பிளாக் சப்பாத்' குழுவின் கனத்த, இருண்ட நாதம் இப்படித்தான் உருவாயிற்று. உலகமெங்கும் எத்தனையோ குழுக்கள் அந்த நாதத்தைப் பின்பற்றின. அதற்குள்ளே ஒரு ஆலைத் தொழிலாளியின் காயம் இருக்கிறது.

கேட்டவர்களும் பெரும்பாலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்தான். 1949இல் நிமிஷத்துக்கு 45 சுற்று சுற்றும் சிறிய தட்டு அமெரிக்காவில் வந்தது. 1954இல் சட்டைப் பைக்குள் அடங்கும் டிரான்ஸிஸ்டர் ரேடியோ வந்தது. சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞன் தன் கைக்காசில் ஒரு பாட்டை வாங்க முடிந்தது. வீட்டுப் பெரியவர்களின் அனுமதியின்றித் தன் பாட்டைத் தானே கேட்க முடிந்தது. முதல் சம்பளம், முதல் காதல், முதல் வேலைநிறுத்தம் எல்லாவற்றோடும் அந்தப் பாட்டுக்கள் கலந்துவிட்டன. அறுபது வருஷம் கழித்தும் அவர்கள் அதை விடாததற்குக் காரணம் இதுதான். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

காட்டுச் சிங்கமும் 10 ஷில்லிங்கும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற பாட்டை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். உங்கள் பேரப்பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். 'லயன் கிங்' படத்தில் அது வருகிறது. கீழே கனத்த குரல்கள் ஒரே பதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல, மேலே ஒரு மெல்லிய குரல் பறவை போல் எழும்பிச் செல்லும். கேட்டவர் மறக்க முடியாது.

இந்தப் பாட்டின் தாய் வீடு எது? நியூயார்க் அல்ல. தென்னாப்பிரிக்கா.

சாலமன் லிண்டா, நேட்டால் மாகாணத்தில் 1909இல் பிறந்த ஜூலு இனத்தவர். சிறு வயதில் மாடு மேய்த்தவர். 1931இல் பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் போனார். அந்தக் காலத்தில் அங்கே சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கிராமங்களிலிருந்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். மனைவி மக்கள் ஊரில். இவர்கள் நெருக்கமான விடுதிகளில். வாரம் முழுவதும் வேலை. ஓய்வு இரவில் பாட்டுப் போட்டி. லிண்டா தன் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு குழு வைத்துப் பாடினார். 'மாலைப் பறவைகள்' என்பது அந்தக் குழுவின் பெயர்.

லிண்டாவுக்குக் காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஆலையில் வேலை கிடைத்தது. என்ன வேலை? அச்சடித்து வரும் தட்டுக்களை எடுத்துக் கட்டுகிற வேலை. அந்தக் கம்பெனிக்குப் பாடகர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்த கிரிஃபித்ஸ் மோட்ஸீலோவா இவர்களுடைய பாட்டைக் கேட்டார். 1939இல் ஒலிப்பதிவு நடந்தது. பாட்டின் பெயர் 'இம்பூபே'. ஜூலு மொழியில் சிங்கம் என்று அர்த்தம். மாடு மேய்த்த காலத்தில் சிங்கத்தை விரட்டிய நினைவு. மூன்று முறை பாடிப் பதிந்தார்கள். மூன்றாம் முறை பாடும்போது லிண்டா முன்யோசனை எதுவுமில்லாமல் உச்சக் குரலில் ஒரு மெட்டை எடுத்துப் பாடினார். பின்னால் உலகம் முழுவதும் முணுமுணுத்த மெட்டு அதுதான். அந்தச் சில விநாடிகள் தட்டுக்களைக் கட்டும் ஒரு தொழிலாளியின் கற்பனையில் பிறந்தவை.

அந்தத் தட்டு ஆப்பிரிக்காவில் பத்து வருஷத்துக்குள் சுமார் 1 லட்சம் பிரதிகள் விற்றது. அதே பாணியில் பாடுகிற வழக்கத்துக்கே 'இம்பூபே' என்று பெயர் நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் லிண்டா பெற்றது என்ன? உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததற்கு 10 ஷில்லிங்! இரண்டு டாலருக்கும் குறைவு. தன் பாட்டுத் தட்டு அச்சான அதே கம்பெனியில் அவர் கூலிக்கு உழைத்தார்.

புறம்போக்கு என்றார்கள்

1940களின் இறுதியில் அந்தத் தட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. நாட்டுப் பாடல்களைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் அதைப் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகருக்கு ஜூலு மொழி தெரியாது. தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். நீ சிங்கம் என்று பொருள்படும் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அதுவே பாட்டின் பெயராயிற்று. சீகரும் நண்பர்களும் சேர்ந்த 'வீவர்ஸ்' குழு பாடிய தட்டு 1952இல் வெளிவந்து பிரபலமாயிற்று.

தட்டின் மேல் இயற்றியவர் பெயர் என்று என்ன போட்டிருந்தது? 'பால் காம்பெல்'. அப்படி ஒரு மனிதரே கிடையாது! நாட்டுப் பாடல்களைத் தழுவிப் பாடும்போது அந்தக் குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பழைய நாடோடிப் பாட்டு, கர்த்தா யாரும் இல்லை என்று எண்ணினார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏழையின் நிலத்தைப் புறம்போக்கு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். ஏழை நாட்டுப் பாட்டை நாடோடிப் பாட்டு என்று எழுதிவிட்டாலும் அதே கதிதான். யாரோ ஒருவர் வந்து பட்டா வாங்கிக்கொள்ளலாம். ஜூலு தொழிலாளி ஒருவர் தானே ஒரு மெட்டைப் படைத்திருக்கக் கூடும் என்ற எண்ணமே அன்றைய இசைப் பதிப்பாளர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதை நினைத்து நடப்பது லாபமாக இல்லை.

சீகர் நேர்மையானவர். விஷயம் தெரிந்ததும் லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பச் செய்தார். மேற்கொண்டும் பணம் போகிறது என்றே நம்பியிருந்தார். ஆனால் நல்ல மனிதர் ஒருவரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடமே பணம் போகும்.

சீகரின் கதையும் கஷ்டமான கதைதான். அது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். 1952 பிப்ரவரியில் ஹார்வி மாடுசோ என்ற ஒற்றன் வீவர்ஸ் குழுவினர் மேல் சாட்சி சொன்னான். ரேடியோ கதவுகள் மூடின. நிகழ்ச்சிகள் ரத்தாயின. பாட்டு பிரபலமாக இருந்த அதே வருஷக் கடைசியில் குழு கலைந்தது. தான் சொன்ன சாட்சிகள் பொய் என்று மாடுசோ பின்னால் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனான். 1955இல் சீகரை விசாரணைக் கமிட்டி முன் நிறுத்தினார்கள். என் பாட்டுக்களைப் பாடிக் காட்டுகிறேன். என் நம்பிக்கைகளையும் நண்பர்களையும் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்தார். 1961இல் ஒரு வருஷ தண்டனை விதித்தார்கள். 1962இல் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது.

அந்த 1961ஆம் வருஷக் கடைசியில்தான் பாட்டு மறுபடி பிறந்தது. ஜார்ஜ் டேவிட் வைஸ் ஆங்கில வரிகள் எழுதினார். 'டோக்கன்ஸ்' என்ற இளைஞர் குழு பாடிற்று. டிசம்பரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. லிண்டாவின் மெட்டு உச்சியில் நின்றது. லிண்டாவின் பெயர்தான் இல்லை.

1962இல், சிறுநீரக நோயால் சாலமன் லிண்டா இறந்தார். வங்கியில் அவர் விட்டுச் சென்றது 25 டாலருக்கும் குறைவு. கல்லறையில் ஒரு கல் வைக்க அவர் குடும்பத்துக்கு 18 வருஷம் ஆயிற்று.

வாரிசுகள் கேட்டார்கள்

பிறகு நூற்றுக்கு மேற்பட்ட பாடகர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். 1994இல் டிஸ்னி கம்பெனியின் படத்திலும் வந்தது. 2000ஆம் வருஷம் ரியான் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் இந்தக் கதையை முழுவதும் தோண்டி எடுத்து 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் எழுதினார். டிஸ்னி படத்தில் உபயோகித்ததற்கு மட்டுமே 1.5 கோடி டாலர் உரிமைத் தொகை சேர்ந்திருக்கும் என்பது அவருடைய மதிப்பு. அந்த நேரத்தில் லிண்டாவின் மகள்கள் சொவேட்டோவில் வறுமையில் இருந்தார்கள்.

2004இல் வாரிசுகள் தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி மீது வழக்குத் தொடுத்தார்கள். வக்கீல் ஓவன் டீன் ஒரு பழைய சட்டத்தைக் கண்டெடுத்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் 1911இல் போட்ட பதிப்புரிமைச் சட்டம். படைப்பாளி தன் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 வருஷம் கழிந்ததும் அது வாரிசுகளுக்கே திரும்பிவிடும் என்று அதில் ஒரு விதி. (நம் நாட்டிலும் 1914ஆம் வருஷச் சட்டத்தின் மூலம் இது வந்தது.) லிண்டா இறந்தது 1962. அப்படியானால் 1987இல் உரிமை குடும்பத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்! அன்னியக் கம்பெனியை உள்ளூர்க் கோர்ட்டுக்கு இழுக்க, அங்கே பதிவாகியிருந்த டிஸ்னியின் வியாபாரச் சின்னங்களையே ஜப்தி செய்தார்கள். மிக்கி எலியும் ஜப்தியில் சேர்ந்தது!

2006 பிப்ரவரியில் பாட்டின் உரிமையை வைத்திருந்த அமெரிக்கப் பதிப்பகத்தோடு சமரசம் ஏற்பட்டது. வாரிசுகளுக்கு உரிமைப் பணம் உண்டு. லிண்டா பாட்டை இயற்றியவர்களில் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பாட்டு பதிவாகி 67 வருஷம் கழித்து! தாமதமான நீதிதான். ஆனாலும் கேட்டதால் கிடைத்த நீதி. கேட்காமல் இருந்திருந்தால் இதுவும் இல்லை.

டெட்ராய்டில் ஒரு பாட்டு ஆலை

"அது தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாடு. அமெரிக்காவிலேயே பாடியவர்களுக்கு நியாயம் கிடைத்ததே" என்று ஒருவர் சொல்லலாம். சரி, அமெரிக்காவுக்கே போவோம்.

டெட்ராய்ட் மோட்டார் கார் நகரம். பெர்ரி கார்டி என்ற கறுப்பு இளைஞர் அங்கே ஃபோர்டு கம்பெனியின் கார் ஆலையில் வேலை செய்தார். ஒரு முனையில் வெறும் சட்டம் நுழைகிறது. மறு முனையில் பளபளக்கும் காராக வெளியே வருகிறது. பாட்டையும் இப்படிச் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 'மோட்டவுன்' கம்பெனியை ஆரம்பித்தார். வெள்ளைக்காரர் கையில் இருந்த தொழிலில் ஒரு கறுப்பர் எழுந்து நின்றது சாமான்ய விஷயம் அல்ல. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

சுப்ரீம்ஸ், டெம்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் என்று உலகப் பெயர்கள் அங்கிருந்து வந்தன. பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் வாத்தியம் வாசித்தவர்கள் மட்டும் மாறவில்லை. ஒரு சின்ன ஸ்டுடியோவில் இரவும் பகலும் வாசித்த அந்த வாத்தியக்காரர்களுக்கு 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று பெயர். பியானோவில் ஏர்ல் வான் டைக், டிரம்ஸில் பென்னி பெஞ்சமின், அடித்தளம் கொடுக்கும் பேஸ் கிதாரில் ஜேம்ஸ் ஜேமர்சன். 1964ஆம் வருஷத்து 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் நெஞ்சுத் துடிப்பு போலக் கேட்கிறதே, அது ஜேமர்சனின் வாசிப்பு. ஒரே ஒரு விரலால் தந்தியைச் சுண்டி வாசிப்பார். பேஸ் கிதார் கையிலெடுத்த எத்தனையோ பேருக்கு அவரே வாத்தியார்.

ஆனால் கேட்டவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. ஏன்? தட்டின் உறையில் போடவில்லை. இவர்கள் சம்பளக்காரர்கள், பாட்டு விற்றால் பங்கு கிடையாது. 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் இந்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக அச்சாயின. அடுத்த வருஷம் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடி பெயர்ந்தது. வேலைக்கு வந்த வாத்தியக்காரர்கள் ஸ்டுடியோக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். கதவடைப்பு நோட்டீஸ் எப்படி ஒட்டுவார்கள் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

1983இல் மோட்டவுன் வெள்ளி விழாவைக் கோலாகலமாக நடத்தினார்கள். ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, மாடி வரிசையில் உட்கார்ந்து அவர் பார்த்தார். சில மாதங்களில், 47ஆம் வயதில் இறந்தார்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1988இல் கார்டி அந்த இசைத்தட்டுக் கம்பெனியை 6.1 கோடி டாலருக்கு விற்றார். பாட்டுக்களின் பதிப்புரிமையைத் தனியே தன்னிடம் வைத்துக்கொண்டார். 1997இல் அதில் பாதியை மட்டும் விற்றார். விலை 13.2 கோடி டாலர். கம்பெனி முழுவதையும் விட, பாட்டின் பட்டாவில் பாதிக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை! செல்வம் எங்கே இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் அன்புக்கும் விலை

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் பழைய பாட்டை விடாமல் கேட்கிறார்கள் என்பதைப் பண முதலைகள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். புதுப் பாட்டு வெற்றி பெறுமா என்பது சந்தேகம். ஐம்பது வருஷமாகக் கேட்கப்படும் பாட்டு நாளைக்கும் கேட்கப்படும். அது குத்தகை தவறாமல் வரும் நன்செய் நிலம் போன்றது. ஆகவே நிலத்தை வாங்குவது போல் வாங்குகிறார்கள்.

2020 டிசம்பரில் பாப் டிலன் தன் பாட்டுக்களின் உரிமையை யூனிவர்சல் கம்பெனிக்கு விற்றார். 30 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2021 டிசம்பரில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சோனி கம்பெனிக்கு விற்றார். சுமார் 50 கோடி டாலர் என்றார்கள். பாட்டுரிமைகளை வாங்கிக் குவிப்பதற்கென்றே ஒரு நிதிக் கம்பெனி 2018இல் லண்டன் பங்கு மார்க்கெட்டில் இறங்கியது. 2024இல் பிளாக்ஸ்டோன் என்ற ராட்சத முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 160 கோடி டாலருக்கு விழுங்கிவிட்டது.

டிலனும் ஸ்பிரிங்ஸ்டீனும் தங்கள் உரிமையைத் தாங்களே வைத்திருந்ததால் தாங்களே விற்றார்கள். அதில் நமக்குக் குறை இல்லை. ஆனால் ஜேமர்சனைப் போல் வாசித்தவர்கள்? லிண்டாவைப் போல் 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தவர்கள்? பெரியவர்கள் தங்கள் இளமையை நினைத்துக் கேட்கிற ஒவ்வொரு முறையும் காசு விழுகிறது. அது பாட்டில் வியர்வை சிந்தியவர் வீட்டுக்குப் போகிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் இன்னும் ஒரு வினோதம் உண்டு. சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டைப் போட்டால், இயற்றியவருக்குப் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சல்லிக் காசு கிடையாது. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டும் ரேடியோ முதலாளிகள் விட்டுக்கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டானே!"

"லிண்டா விற்றார், கையெழுத்துப் போட்டார்; சட்டப்படி நடந்ததைக் குறை சொல்வானேன்?" என்று நியாயம் பேசுவோர் உண்டு.

நாம் கேட்கிறோம். கந்துவட்டிக்காரனிடம் கைநாட்டு வைக்கும் விவசாயியும் சம்மதித்துத்தானே வைக்கிறான்? ஒரு பக்கம் ஸ்டுடியோ, ஆலை, வக்கீல், கடை எல்லாம் வைத்திருக்கும் கம்பெனி. மறுபக்கம் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் நடமாடவே முடியாத கறுப்புத் தொழிலாளி. இந்த இரண்டு பேருக்கும் இடையே நடந்தது சமமானவர்களின் பேரமா? 1911ஆம் வருஷச் சட்டத்தை எழுதியவர்களே இதைத் தெரிந்துதான் அந்த விதியை வைத்தார்கள். படைப்பாளி விற்கும்போது பலவீனன். அவன் விற்றது என்ன பெறும் என்று அவனுக்கே தெரியாது என்பதுதான் அதன் சாரம்.

கேட்டால் கிடைக்கும்

"கலைஞர்கள் தனித்தனி மனிதர்கள், அவர்கள் எங்கே ஒன்று சேரப் போகிறார்கள்?" என்றும் சொல்வார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. யுத்த காலம். பத்திரிகைகள் தேசத் துரோகம் என்று கூச்சல் போட்டன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே நிறுத்தும்படி கேட்டார். அவர்கள் அசையவில்லை. 1943இல் டெக்கா கம்பெனி பணிந்தது. 1944 நவம்பரில் பெரிய கம்பெனிகளான ஆர்.சி.ஏ.வும் கொலம்பியாவும் பணிந்தன. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை சங்கத்தின் நிதிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்த நிதியில் வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஆஸ்பத்திரிகளிலும் பூங்காக்களிலும் ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள்.

ஐரோப்பாவில் 2011இல் ஒரு சட்டம் வந்தது. ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 50 வருஷத்திலிருந்து 70 வருஷமாயிற்று. அதனால் கம்பெனிகளுக்கு லாபம். ஆனால் அதே சட்டம், நீடித்த காலத்தில் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தை, பெயரின்றி ஒரே தடவைக் கூலிக்கு வாசித்தவர்களுக்கென ஒதுக்கச் சொன்னது. நம் நாட்டிலும் 2012ஆம் வருஷத் திருத்தம், சினிமாப் பாட்டு எழுதுபவரும் இசையமைப்பவரும் ராயல்டிப் பங்கை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சொல்லிவிட்டது. எழுதி வாங்கினாலும் செல்லாது. குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் போல் இது.

இவையெல்லாம் யாரும் தானமாகத் தந்தவை அல்ல. சங்கம் கேட்டது, வக்கீல் வாதாடினார், பத்திரிகையாளர் எழுதினார், ரசிகர்கள் ஆதரித்தார்கள்.

ரசிகர்கள் என்று சொன்னோம். அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். ஆகவே நாம் சொல்லி முடிக்க விரும்புவது இதுதான். பழைய பாட்டைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் பாடியவர் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பழைய தட்டு வைத்திருப்பவர்கள் நடுவிலுள்ள வட்டத்தைப் பாருங்கள். பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் இயற்றியவர் பெயர் இருக்கும். அதைப் படியுங்கள். கைபேசியில் கேட்பவர்கள், யார் எழுதினார், யார் வாசித்தார் என்று தேடிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் 'லயன் கிங்' பார்க்கும்போது, இந்த மெட்டைக் கட்டியவர் சாலமன் லிண்டா என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் பங்கு கேட்க முடியும். பெயரை அழித்துவிட்டால் எல்லாம் புறம்போக்கு.

நெல்லைத் தின்பவன் உழுதவனை நினைக்க வேண்டும் என்பது நம் ஊர் நியாயம். பாட்டைக் கேட்பவனுக்கும் அதே நியாயம்தான்.